யார் யாரை மணக்கலாம்: சட்டம் போட்ட கோடும் ஊர் போட்ட கோடும்

இந்தியச் சட்டத்தில் திருமணத்துக்கான தடைகள் மிகச் சிலவே. வயது நிரம்பாதவர் மணக்கக் கூடாது. கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது இன்னொரு மணம் கூடாது. சம்மதம் சொல்லும் மனத்தெளிவு இல்லாதவருக்கு மணம் முடிக்கக் கூடாது. குறிப்பிட்ட சில நெருங்கிய உறவுகளுக்குள் கூடாது. ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பு இன்னும் இல்லை. சாதி, குலம், கோத்திரம், ஊர், சொத்து, பெற்றோர் விருப்பம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஆனால் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் சந்திக்கும் வேப்பூரிலோ, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற பக்கத்து விருத்தாசலத்திலோ ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால், முதலில் விசாரிக்கப்படுபவை சட்டம் கண்டுகொள்ளாத இவைதான். ஊர் தடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஊர் கொண்டாடி நடத்திவைக்கும் சில திருமணங்களைச் சட்டம் கொள்கை அளவில் தடுக்கிறது. தமிழ்நாட்டில் திருமணச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வயதுத் தடை நூறாண்டுப் போராட்டத்தின் விளைவு. ஹர் பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தை மணத் தடுப்புச் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி இதற்காகக் குரல் கொடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு, பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949இல் பெண்ணின் வயது 15 ஆனது. 1978இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று உயர்ந்தது. பெண்ணுக்கும் 21 ஆக்கும் மசோதா ஒன்று 2021இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, நிறைவேறாமலே 2024இல் காலாவதியானது.

இப்போது நடப்பில் உள்ளது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. வயது நிரம்பாதவருக்கு நடந்த திருமணம் தானாகவே செல்லாததாகிவிடாது. குழந்தையாக இருக்கும்போது மணம் முடிக்கப்பட்டவர், வயதுவந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் சென்று அதை ரத்து செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு இது 20 வயது வரை. கடத்தியோ, ஆசை காட்டி அழைத்துச் சென்றோ, விலைக்கு விற்றோ நடத்தியிருந்தால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. செல்லுபடி ஒரு பக்கம் இருக்க, தண்டனை தனியாக உண்டு: குழந்தையை மணக்கும் வயதுவந்த ஆணுக்கும், நடத்திவைத்தவருக்கும், தடுக்கத் தவறிய பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். பெண்களுக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் சிறைத் தண்டனை இல்லை. 18 வயதுக்கு உட்பட்ட மனைவியுடன் உறவு கொள்வதும் பாலியல் வன்முறையே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்த பிறகு, "கட்டிவைத்துவிட்டோம், இனி என்ன" என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. முஸ்லிம் தனியர் சட்டம் பருவமடைதலை மணவயதாகக் கொண்டாலும், குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2015இல் கூறியது. நாட்டின் வேறு உயர் நீதிமன்றங்கள் சில இதில் வேறு கருத்தும் கொண்டிருக்கின்றன.

கோயிலில் சத்தமில்லாமல் தாலி கட்டிவிட்டால் போதும் என்ற எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தீராத வழக்கைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவதற்கு மக்கள் தேடி வரும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் விருத்தாசலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. இதுபோன்ற அறநிலையத் துறைக் கோயில்களில் திருமணம் நடத்த வேண்டுமானால் மணமக்களின் வயதுச் சான்றையும், இது முதல் திருமணம் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றையும் கேட்பது வழக்கம். 1098 என்ற எண்ணுக்கு யார் அழைத்துச் சொன்னாலும், மாவட்டச் சமூக நல அலுவலரும் காவல்துறையும் வந்து திருமணத்தை நிறுத்த முடியும்.

அடுத்த தடை இருதார மணம். இதில் சென்னை மாகாணம் மத்தியச் சட்டத்தை முந்திக்கொண்டது. 1955இல் இந்து திருமணச் சட்டம் வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1949இல், இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கும் வழங்கும் சட்டத்தை மாகாணம் இயற்றியது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவின்படி இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை. முதல் மணத்தை மறைத்து இரண்டாவது செய்தால் பத்து ஆண்டு வரை. முதல் மனைவி முத்திரைத்தாளில் சம்மதம் எழுதிக் கொடுத்தாலும், அவருக்குக் குழந்தை இல்லை என்றாலும், மனைவியின் தங்கையே மணப்பெண் என்றாலும் நிலைமை மாறாது. மனைவி இறந்தபின் அவருடைய தங்கையை மணப்பதற்கு மட்டும் தடையில்லை. இரண்டாம் மணத்துக்காகவே மதம் மாறுவதும் பலிக்காது என்று 1995இல் சரளா முத்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. இதில் முஸ்லிம் ஆணுக்கு மட்டும் விலக்கு உண்டு: ஒரே நேரத்தில் நான்கு மனைவியர் வரை கொள்ளலாம் என்பது அவர்களுடைய தனியர் சட்டம்.

இந்தத் தடையில் ஏமாறுபவர் பெரும்பாலும் இரண்டாவதாக வந்த பெண்தான். ஊர் அவரை மனைவியென்று அழைத்தாலும் சட்டம் அழைக்காது. அவருடைய பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அவர்களை முறையான பிள்ளைகளாகவே ஏற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பஞ்சாயத்தில் "தீர்த்துவிட்ட" திருமணம் இன்னொரு சிக்கல். சாதி வழக்கப்படியான மணவிலக்கை இந்து திருமணச் சட்டம் ஒழித்துவிடவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் முதல் திருமணம் உயிரோடுதான் இருக்கிறது. அதன்பின் நடந்தது இருதார மணமாகிவிடும். நீதிமன்றத்தில் மணவிலக்கு பெற்றவரும், மேல்முறையீட்டுக்கான 90 நாள் கடந்த பிறகே மறுமணம் செய்யலாம்.

மனநலம் பற்றிய தடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருமணத்துக்குச் சம்மதம் தரும் தெளிவு இல்லாதவர், மண வாழ்வுக்குத் தகுதியற்ற அளவுக்கு மனநோய் உள்ளவர் ஆகியோரின் மணத்தை, பாதிக்கப்பட்ட துணை நீதிமன்றத்தில் ரத்து செய்துகொள்ளலாம். வலிப்பு நோயும் ஒரு காலத்தில் இந்தப் பட்டியலில் இருந்தது. மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய அந்த நோயின் பெயரால் ஏராளமான பெண்கள் துரத்தப்பட்ட பிறகு, 1999இல்தான் அது நீக்கப்பட்டது. வலிப்பு வந்தாலே கல்யாணம் செல்லாது என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி உறவுத் தடை. தமிழ் வாசகர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இது. இந்து திருமணச் சட்டம் இரண்டு வேலிகள் போடுகிறது. ஒன்று, தடுக்கப்பட்ட உறவுகள்: நேர் முன்னோர், நேர் வாரிசு, அவர்களின் கணவன் மனைவி, அண்ணன் தம்பியின் மனைவி, அண்ணன் தங்கை, மாமனும் மருமகளும், அத்தையும் மருமகனும், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தமக்குள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான அரை இரத்த உறவும் தத்தெடுத்த உறவும் இதில் அடங்கும். மற்றொன்று, சபிண்ட உறவு: தாய்வழியில் மூன்று தலைமுறைக்குள்ளோ தந்தைவழியில் ஐந்து தலைமுறைக்குள்ளோ இருவருக்கும் பொது முன்னோர் ஒருவர் இருந்தால் மணம் கூடாது. இந்தக் கணக்கில் தானே முதல் தலைமுறை. தாய் இரண்டு, தாயின் பெற்றோர் மூன்று.

அக்காள் மகளைக் கட்டிக்கொள்ளும் ஒரு மாப்பிள்ளையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். பொது முன்னோர் மாப்பிள்ளையின் தாய். மாப்பிள்ளைக்கு அவர் இரண்டாம் தலைமுறை. பெண்ணுக்கு அவர் தாயின் தாய், மூன்றாம் தலைமுறை. இரண்டும் எல்லைக்குள் வருகின்றன. மாமன், மருமகள் என்ற உறவும் முதல் வேலியிலேயே பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. மாமன் மகளுக்கும் இதே கதிதான்: மாப்பிள்ளையின் தாயும் பெண்ணின் தந்தையும் உடன்பிறந்தவர்கள், ஆகவே இருவருக்கும் தாத்தா ஒருவரே. சட்டத்தை எழுத்துப்படி படித்தால் தமிழ்நாட்டின் முறைமாப்பிள்ளைகளும் முறைப்பெண்களும் மணக்கவே முடியாது.

அவர்களைக் காப்பாற்றுவது ஒரு சிறு விதிவிலக்கு: இருவரையும் ஆளும் வழக்கம் அந்த மணத்தை அனுமதித்தால் தடை இல்லை. நெடுங்காலமாக, இடைவிடாமல், ஒரே சீராகப் பின்பற்றப்பட்டதாக அந்த வழக்கம் இருக்க வேண்டும். பொது நன்மைக்கு மாறாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் உறவுகளுக்கு இந்த வழக்கம் பல சமூகங்களில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. சித்தி மகள், பெரியப்பா மகன் ஆகியோர் தமிழர்க்கு உடன்பிறப்புகள் என்பதால் வழக்கமும் அவர்களுக்குக் கைகொடுக்காது; அந்த மணம் அடியோடு செல்லாது. வழக்கத்தை நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவரையே சேரும் என்பதற்கு டெல்லி வழக்கு ஒன்று சான்று. தூரத்து உறவினர் ஒருவரை மணந்த பெண்ணின் திருமணம், வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்பதால் 2007இல் செல்லாததாக்கப்பட்டது. சட்டப் பிரிவையே எதிர்த்து அவர் போட்ட வழக்கை 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. இந்திய அளவில் 11 மட்டுமே. மருத்துவம் இதைக் கவலையோடு பார்ப்பதில் காரணம் இருக்கிறது. மாமன் அத்தை பிள்ளைகள் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; தாய்மாமனும் மருமகளும் நான்கில் ஒரு பங்கை. பிறவிக் குறையின் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், மாமன் அத்தை பிள்ளைகளின் குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. சட்டம் வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்த இந்த இடத்தில், முடிவு குடும்பத்தின் கையில் இருக்கிறது. பாவாடை கட்டும் வயதிலேயே "மாமனுக்குத்தான்" என்று பேசி முடிக்கப்பட்ட பெண்ணிடம், வளர்ந்தபின் அவளுக்கு விருப்பமா என்று கேட்காமல் நடத்தும் திருமணம் வழக்கத்தின் பெயரால் செல்லலாம். ஆனால் அவளுடைய சம்மதம் அச்சுறுத்திப் பெறப்பட்டதென்றால், ஓராண்டுக்குள் நீதிமன்றம் சென்று அதை ரத்து செய்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு.

எல்லா நாட்டுத் தமிழர்க்கும் இந்தச் சலுகை இல்லை. இலங்கையின் பொதுத் திருமணச் சட்டம் சகோதரியின் மகளை மணப்பதைத் தடுக்கிறது. வழக்கம் என்ற விதிவிலக்கும் அங்கே கிடையாது. பிரிட்டனிலும் மாமன், மருமகள் மணம் கூடாது; ஆனால் மாமன், அத்தை பிள்ளைகள் மணக்கலாம். இஸ்லாமிய சட்டத்தில் பெரியப்பா மகள் உட்பட நால்வகை உடன்பிறப்புப் பிள்ளைகளையும் மணக்கலாம். அக்காள் மகளை மணக்க முடியாது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்களும் அங்கே சகோதரர்களாகிவிடுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை மாமன், அத்தை பிள்ளைகளின் மணத்துக்குத் தனி அனுமதி கேட்கிறது.

ஊரின் உறவுக் கணக்கு இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள், பத்துத் தலைமுறை விலகியிருந்தாலும், அண்ணன் தங்கை முறை ஆகிவிடுவார்கள். பெண் பார்க்கும் முன் "என்ன சாமி?" என்று கேட்பது இதற்காகத்தான். சட்டத்துக்கு இந்தக் கேள்வி பொருட்டே அல்ல. ஒரே கோத்திரத்துக்குள் மணம் செல்லும் என்று 1946லேயே மத்தியச் சட்டம் ஒன்று சொல்லிவிட்டது.

மதம் வேறுபட்டால் எந்தச் சட்டத்தின் கீழ் மணப்பது என்பதே கேள்வி. இந்து திருமணச் சட்டம் இரண்டு இந்துக்களுக்கு மட்டுமே. பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். ஓர் இந்துவும் ஒரு கிறிஸ்தவரும் மதம் மாறாமல் கோயிலில் தாலி கட்டிக்கொண்டால் அது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே இருவரும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணந்தால் செல்லும். அந்தச் சட்டத்துக்கு ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். எல்லா மதத்தினருக்கும் பொதுவானது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு முன்னோடியான 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில், மணமக்கள் தாங்கள் இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ அல்ல என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1954க்குப் பிறகு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

ஆனால் சிறப்புத் திருமணச் சட்டம் வேறொரு தடையை வைத்திருக்கிறது: காலம். ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் கொடுத்த அறிவிப்பு 30 நாள் அலுவலகப் பலகையில் தொங்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆட்சேபிக்கலாம். ஆட்சேபத்துக்கு வயது, ஏற்கெனவே மணமானவர், மனநலம், தடுக்கப்பட்ட உறவு ஆகிய காரணங்கள் மட்டுமே செல்லும். சாதி வேறு என்பதோ வீட்டில் சம்மதமில்லை என்பதோ ஆட்சேபமே ஆகாது. இருந்தும், வீட்டை விட்டு வந்த ஓர் இளம் ஜோடிக்கு அந்தப் பலகை உயிர் அபாயம். பெயரும் முகவரியும் ஒரு மாதம் பொதுவில் தொங்கும்போது ஆட்சேபம் எழுத வருகிறவர்களைவிட அரிவாளோடு தேடி வருகிறவர்களே முந்திக்கொள்ள வாய்ப்பு அதிகம். மணமக்கள் விரும்பினால் மட்டுமே அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகம் இன்னும் மாறவில்லை. மாற்றப்பட வேண்டும்.

பாலினம் பற்றிய தடையில் தமிழ்நாடு ஓரடி முன்னே வைத்திருக்கிறது. வேப்பூரிலிருந்து வடக்கே உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் கூவாகம். சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்துக்கொள்ளும் திருநங்கையரைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வரும் மண் இது. ஒரு நாள் சடங்குக்கு வெளியே அவர்களுக்குச் சட்டப்படியான திருமணம் இருக்கவில்லை. தூத்துக்குடி கோயில் ஒன்றில் 2018இல் ஓர் ஆணும் திருநங்கையும் மணந்துகொண்டபோது, பதிவு செய்ய அலுவலர்கள் மறுத்தார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறி, பதிவு செய்ய உத்தரவிட்டது. ஒரே பாலினத்தவரின் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுத்தது. அதை நாடாளுமன்றமே முடிவு செய்ய வேண்டும் என்றது. ஆண், பெண் என்ற முறையில் இணையும் திருநங்கையரும் திருநம்பியரும் நடப்புச் சட்டங்களின்படியே மணக்கலாம் என்பதை அந்தத் தீர்ப்பும் உறுதி செய்தது.

எஞ்சியிருப்பது சாதி. ஒரு காலத்தில் அது ஊரின் தடையாக மட்டும் இல்லை, சட்டத்தின் தடையாகவும் இருந்தது. பிரிட்டிஷ் இந்திய நீதிமன்றங்கள் வருணக் கணக்கை வைத்து, உயர் வருணமெனப்பட்ட பெண் தாழ்ந்ததெனப்பட்ட வருணத்து ஆணை மணந்தால் செல்லாது என்று தீர்ப்பளித்து வந்தன. தென் தமிழக ஜமீன் குடும்பம் ஒன்றின் வழக்கில், ஒரே வருணத்தின் உட்சாதிகளுக்குள் மணம் செல்லும் என்று 1869இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறியதே அன்றைக்குப் பெரிய தளர்வு. 1949ஆம் ஆண்டின் இந்துத் திருமணங்கள் செல்லுபடிச் சட்டம் இந்தத் தடையை முழுக்க அகற்றியது: சாதி, உட்சாதி வேறு என்பதால் எந்த இந்துத் திருமணமும் செல்லாததாகாது. தென்னாப்பிரிக்கா வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டதும் அதே 1949இல்தான். அந்தச் சட்டம் 1985இல் ஒழிந்தது.

சடங்கையே தடையாக வைத்திருந்த நிலையையும் தமிழ்நாடுதான் உடைத்தது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அவ்வகைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியதால், ஆயிரக்கணக்கான மனைவியரின், குழந்தைகளின் உரிமை கேள்விக்குறியானது. அண்ணா முதல்வரான 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்க்கப்பட்டது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ, ஏற்றுக்கொள்வதாக வாயால் சொல்வதோ போதும். பழைய சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும். வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்தாலும் இந்தத் திருமணம் செல்லும், ஊரறிய நடக்க வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. வீட்டாருக்கு அஞ்சி ஓடிவந்த ஒரு ஜோடியால் மண்டபம் பிடித்துப் பத்திரிகை அடிக்க முடியாது என்பதை நீதிமன்றமே புரிந்துகொண்டது.

சாதித் தடையைச் சட்டம் நீக்கி அரை நூற்றாண்டு கடந்தபின், விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. முருகேசன் பொறியியல் பட்டதாரி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். கண்ணகி வணிகவியல் படித்தவர், வன்னியர். இருவரும் 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மேலே சொன்ன சட்டத் தடைகளில் ஒன்றுகூட அவர்களுக்குப் பொருந்தாது. இருவரும் வயது வந்தவர்கள், மணமாகாதவர்கள், உறவில்லாதவர்கள், விரும்பிச் சம்மதித்தவர்கள். கண்ணகியின் குடும்பத்தார் முருகேசனைப் பிடித்து, கண்ணகியையும் வரவழைத்து, ஜூலை 8 அன்று இருவரையும் மயானத்துக்குக் கொண்டுபோய், காதிலும் மூக்கிலும் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை பல நாள் கழித்தே வழக்குப் பதிவு செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த முருகேசன் தரப்பு உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2004இல் வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

தீர்ப்புக்கு 2021 செப்டம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்கு மரண தண்டனையும், தந்தையும் காவல் அதிகாரிகள் இருவரும் உட்பட 12 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மற்றவர்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. காவல் அதிகாரிகள் குற்றவாளிகள் என்பதையும் உறுதி செய்து, முருகேசன் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. கொலைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 22 ஆண்டு.

இந்த இடைவெளியில் நீதிமன்றங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இல்லை. வயதுவந்தவர் தாம் விரும்பியவரை மணக்கலாம், பெற்றோர் அதிகபட்சம் உறவை முறித்துக்கொள்ளலாமே தவிர மிரட்ட முடியாது என்று 2006இல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று பெயர் சொல்லியே கண்டித்தது. சாதி கடந்து மணந்த சங்கர் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட 2016இல், ஒவ்வொரு மாவட்டத்திலும் கலப்புத் திருமண ஜோடிகளுக்குத் தனிப் பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசி உதவியும் அமைக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது.

அரசு ஒரு கையால் ஊக்கமும் தருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்தில், பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாய், மற்றவர்க்கு 25,000 ரூபாய், இரு தரப்புக்கும் தாலிக்கு 8 கிராம் தங்கம். உதவித்தொகை நல்லதே. உயிருக்குப் பாதுகாப்பு அதற்கு முன்னால் வர வேண்டியது.

எந்த முறையில் மணந்தாலும் பதிவு செய்வது 2009 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். திருமணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்; கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். ஆனால் பதிவு மட்டுமே திருமணம் ஆகாது. சடங்கோ, 7அ பிரிவு சொல்லும் மாலை மாற்றலோ நடக்காமல் பெற்ற சான்றிதழ் நிற்காது என்பதை 2024இல் உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது. எனவே மாலை மாற்றும் புகைப்படத்தையும் சாட்சிகளின் முகவரியையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. மிரட்டல் இருந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பெண்கள் 181 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். காவல் நிலையத்தில் பெண்ணைப் பெற்றோருடன் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், அதற்கு அதிகாரம் எவருக்கும் இல்லை. மணமக்கள் இருவருக்கும் மணவயது நிரம்பியிருந்தால், பெற்றோரின் சம்மதம் இந்தச் சட்டங்கள் எதன்படியும் தேவையில்லை.